மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த மோட்டார்

பழவேற்காட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்தப் பெரிய படகு மோட்டார் ஒரு பழைய டயரின் மேல் படுத்திருந்த கோலம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அம்மா தன் நல்ல புடவை ஒன்றை அதற்குப் போர்த்தி வைத்திருந்தாள். வருகிறவர்கள் புடவையை விலக்கிப் பார்த்துவிட்டு, "மாப்ள வாங்கிக் குடுத்ததா?" என்று கேட்பார்கள். என் அப்பா, எங்களுக்கு நைனா, பெருமையாகத் தலையை ஆட்டுவார். கல்யாணமான வருஷம் போனஸ் வந்ததும் என் கணவர் தன் மாமனாருக்காக, ஊரிலேயே பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியது அது. நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மனிதர் மீஞ்சூரில் பிறந்து வளர்ந்து, தொழிற்சாலைக்குப் போய் வருகிறவர். படகு மோட்டாரையும் பைக் மாதிரி நினைத்துவிட்டார்.

நைனா மீன் பிடிப்பது உப்புத்தண்ணீர் ஏரியில். அங்கே வேகத்துக்கு என்ன வேலை? எங்கள் ஊரில் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு யாருடைய பாடோ அவர்தான் அந்த இடத்தில் வலை போடலாம். பறந்து போய் முதல் ஆளாக நின்றாலும் அடுத்தவர் பாட்டில் வலை இறக்க முடியாது. எங்கள் சின்னப் படகு வேறு, அந்தக் கனத்துக்குப் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது. அதுகூடப் பரவாயில்லை. மோட்டாரைக் கரையில் விட்டுவைக்க முடியாது, திருடு போய்விடும். தினமும் கழற்றி, தோளில் சுமந்து வந்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஏரியில் தண்ணீர் வற்றிய மாதங்களில் படகு வெகுதூரத்திலேயே நின்றுவிடும். அங்கிருந்து முழங்கால் சேற்றில், ஒரு சிமெண்ட் மூட்டைக் கனத்தை நைனா தோளில் வைத்துக்கொண்டு வருவார். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இறக்கியதும் அப்படியே தரையில் மல்லாந்துவிடுவார். அம்மா இடுப்புக்குத் தைலம் தேய்ப்பாள். தொழிலுக்குப் போகாத நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. இப்படியே போனால் படகை விற்றுவிட்டு எங்காவது வாட்ச்மேன் வேலைக்குத்தான் போகவேண்டும் என்று அம்மா என்னிடம் அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. யாரோ ஒருவரின் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நைனாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நான் அவர்கிட்ட சொல்லிடறேன் நைனா" என்றால் முகம் மாறிவிடும். "வாயத் தொறக்காத. மாப்ள ஆசையா குடுத்தது. கனமா கீதுன்னு சொன்னா அவரு மனசு நோவும்."

என் கணவர் வரும் நாட்களில் இன்னும் கூத்து. சொந்தக்காரர்கள் இருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து மோட்டாரைத் தூக்கவிட்டு, நைனா பின்னால் கையை வீசிக்கொண்டு வருவார். இவர் பார்த்துப் பூரித்துப்போவார். எனக்கு இவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்றிருக்கும்.

ஒரு நாள் ஷிப்ட் மாறியதில் திடீரென்று கிளம்பி, என்னையும் கூட்டிக்கொண்டு நேராகக் கரைக்கே வந்துவிட்டார். சேற்றில் நைனா ஒரு முழங்காலை ஊன்றி, எழுந்திருக்க முடியாமல், மோட்டாரில் மட்டும் சேறு படாதபடி பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். என் கணவர் பேண்ட்டோடு இறங்கிப் போய் அதை வாங்கித் தன் தோளில் வைத்தார். கொஞ்ச தூரம்தான். கால் மடங்கி அவரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு பேருமாகப் பிடித்து வீடு சேர்த்தார்கள்.

டீ குடிக்கும்போதுதான் இவர் மெல்லக் கேட்டார்.

"மாமா, இத டெய்லி நீங்கதான் தூக்கினு வர்றீங்களா?"

"பழக்கம்தான் மாப்ள."

"வேணாம் மாமா. இத மாத்திட்டு சின்னதா ஒன்னு வாங்கிடலாம்."

நைனா அம்மாவைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்களே சொன்னதால சொல்றேன் மாப்ள. அது மோட்டாரே இல்ல, எருமை. இன்னா பெட்ரோல் குடிக்குது தெரியுமா?" அதற்கு மேல் அவரை நிறுத்த முடியவில்லை. அதன் கனம், அதன் சத்தம், சேற்றில் அது மாட்டிக்கொண்ட நாட்கள் என்று டீ முடிந்து, சாப்பாடும் முடியும்வரை திட்டித் தீர்த்தார். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதுவரை இருவரும் விருந்தாளிகள் மாதிரிதான் பேசிக்கொள்வார்கள். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். அப்பாடா என்றிருந்தது.

கடலுக்குப் போகும் ஒருவர் பெரியதை எடுத்துக்கொண்டு தன்னுடைய சின்ன மோட்டாரைக் கொடுத்தார். பாதிக் கனம்கூட இல்லை. "இன்னா, மாப்ள மோட்டாரு இளைச்சிப் போச்சி?" என்று சிலர் கேலி செய்தார்கள். "தண்ணில நனைஞ்சி சுருங்கிப் போச்சிபா" என்று சொல்லிவிட்டு நைனா நடையைக் கட்டினார்.

இன்றைக்கும் அவர் தொழிலுக்குப் போகிறார். மற்ற படகுகளுக்குப் பின்னால்தான் கரைக்கு வருகிறார், ஆனால் தினமும் வருகிறார். போன வாரம் ஊருக்குப் போனபோது, சாப்பிடக் கூப்பிடலாம் என்று கரைப்பக்கம் போனேன். தோளில் மோட்டாரோடு பாதி வழியில் நின்று, யாரோ ஒருவரிடம் நண்டு விலையைப் பற்றி ஆரம்பித்தவர் முடிக்கிற வழியாக இல்லை. எனக்குத்தான் பார்க்கப் பார்க்கத் தோள் வலித்தது.

"நைனா, கீழ வெச்சிட்டாவது பேசு" என்றேன்.

"இன்னாத்த வெக்கணும்?" என்றார்.