கெயின் ஸ்க்ரூ இருந்த இடம்

தொண்ணூறுகளில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு கார் ஆடியோ கடையில் வேலை செய்தேன். ஒருநாள், கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரியவர் காரை ஓட்டி வந்தார். நிறுத்தியதும் இறங்கி, சுற்றிவந்து, இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

“பாட்டு வரலப்பா, பாரு.”

ஆம்ப்ளிபையரில் ஃபியூஸ் போயிருந்தது. மாற்றியதும் பாட்டு கரகரவென்று உடைந்து வந்தது. ஆம்ப்ளிபையரில் சத்தத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் ஸ்க்ரூவை யாரோ அளவுக்கு மேல் திருகியிருந்தார்கள். அவர் கேட்காமலேயே அதை அடியோடு இறக்கினேன். டேப்பின் வால்யூமை முக்காலில் வைத்து, ஸ்க்ரூவை மெல்லக் கூட்டி, சத்தம் உடைவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினேன்.

“இப்ப ஓகே லா, அங்கிள்.”

அவர் காலியாக இருந்த ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார்.

“மகன் வெச்சது. இந்தக் கரகரப்புக்குத்தான் தெனம் அவனை ஏசுவேன். போன மாசம் தவறிட்டான். பழையபடி வெச்சிடுப்பா.”

ஸ்க்ரூ எங்கே இருந்தது என்று நான் பார்த்து வைக்கவில்லை. குத்துமதிப்பாகத் திருகினேன்.

“இது இல்ல,” என்றார். மறுபடி திருகினேன். “இதுவும் இல்லப்பா.”

பிறகு அவரே கை நீட்டி டேப்பை அணைத்தார்.

அதற்குப் பின் எந்தக் காரிலும் ஸ்க்ரூவைத் தொடுமுன் பழைய இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவேன். அந்தக் கோட்டுக்கே திருப்பி வைக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.