தண்ணீர் கட்டிய வயலில் மதிவதனியின் பெட்டி

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், மிராசுதார் பஞ்சநதத்தின் சம்பா வயல் வரப்பில் ஊரே கூடி நின்றது. வயலில் தண்ணீர் குறைந்தால் மதிவதனி வடிவமைத்த பெட்டி ரேடியோ வழியே சொல்லும். தூரத்துக் கொட்டகையில் மோட்டார் ஓடும். இன்று ஓடினால் கம்பெனியில் அவள் வேலை நிரந்தரம்.

முதலாளி சூர்யபிரகாஷ் சோதனைப் பொத்தானை அழுத்தினான். மோட்டார் அசையவில்லை.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். நட்ட வயலில் சோதனைக்கென்று ஆன்டெனாக் கம்பி ஊன்ற எவரும் விடமாட்டார்கள். அதனால் அறுவடை முடிந்து, வெடித்துக் கிடந்த கோடை வயலில்தான் ஆன்டெனாவுக்குப் பொருத்தம் பார்த்திருந்தாள். தண்ணீர் கட்டியதும் ஆன்டெனாவின் குணமே மாறிவிடும். பெரிய வாய்க்கால் தண்ணீர் சின்ன மடையில் முட்டித் திரும்புவதுபோல, அனுப்பிய சக்தி பெட்டிக்கே திரும்பி வரும். பெட்டிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவிலுள்ள கெபாசிட்டரை மாற்ற வேண்டும். ஆடியிலேயே சொன்னாள். "ஆபீஸ் மாடியில வேலை செய்யுதுல்ல? போ" என்றான் சூர்யபிரகாஷ்.

இப்போது அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "நாத்து நட்டவங்க வீட்டுப் பொண்ணு, வயல் தெரியும்னு சேர்த்தேங்க. வயலும் தெரியல, ரேடியோவும் தெரியல."

"சேத்துல வச்சே சரி பண்றேன் சார்."

"இறங்கும்மா," என்றார் பஞ்சநதம். "நம்ம அம்சம் பொண்ணுதானே, உங்கம்மா இறங்காத வயலா?"

வரப்பு முழுக்கச் சிரிப்பு. முழங்கால் சேற்றில் நின்றபடி கையடக்க மீட்டரைச் செருகினாள். திரும்பி வரும் சக்தியைக் காட்டும் கோட்டில், பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் தள்ளி விழுந்திருந்தது. பையிலிருந்த கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் பார்த்தாள். ஒன்றில் பள்ளம் சரியான இடத்துக்கு வந்து ஆழமாக விழுந்தது; இனி சக்தி திரும்பாது. பொத்தானை அழுத்தினாள்.

கொட்டகையில் மோட்டார் உறுமியது. கூட்டம் கைதட்டியது, சூர்யபிரகாஷைப் பார்த்து.

கைதட்டல் ஓயும்வரை அவன் காத்திருந்தான். "இவ்வளவு நேரத்துல முடியுற வேலையா? அப்ப வேணும்னே கெடுத்து வச்சிருந்திருக்கே. என்னை இத்தனை பேர் முன்னாடி நிறுத்தி அசிங்கப்படுத்தத்தானே?"

"சார், ஆடியிலயே நான்..."

"மீட்டரைக் குடுத்துட்டுப் போ. நாளைக்கு வரவேணாம்."

கொடுத்தாள். பெட்டிக்கு என்ன விலை என்று யாரோ அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கரையேறியபோது பஞ்சநதம் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, இத்தனை நாத்தை மிதிச்சிருக்கே. நட்டுக் குடுத்துட்டுப் போ."