ஏழாவது வயலின் பெயர்

இன்லேண்டு கடிதம் ஒன்று. அஞ்சல் முத்திரையில் பிப்ரவரி 17 தெளிவாக இருக்கிறது. ஆண்டு மட்டும் மை கலைந்துபோயிருக்கிறது. போன வாரம் பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவில் அகப்பட்டது. முகர்ந்தால் மட்டி வாழைப்பழ வாசனை வருவதுபோல் இருக்கிறது. அது என் மூக்கின் கற்பனை. காகிதத்தில் கரப்பான் வாசனை மட்டுமே உண்டு.

எழுதியவர் ஸ்ரீதரன். சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து மேசைக்காரர். விடுமுறை என்றால் பெங்களூரு, பம்பாய் என்று போய், உயரமான கட்டடங்களுக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்து வருவார். எங்கள் ஊர் வயலை ஒருமுறை பாருங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி, ஒரு பொங்கல் விடுமுறையில் தனியாக என்னோடு கிளம்பிவிட்டார். பூதப்பாண்டிப் பக்கம் என் தாய்மாமா வீட்டில் தங்கினோம்.

வாய்க்காலில் இரண்டு மணி நேரம் கிடந்தார். அத்தை வைத்த தீயல் குழம்பை விரலால் வழித்தார். மட்டிப்பழம் ஒன்பது தின்றார்; எண்ணியது நான், எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. கதிர் பால் பிடித்திருந்த நேரம். வரப்பில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டவரைப் பார்த்து, மடை அடைத்துக்கொண்டிருந்த மாமா சிரித்தார்.

எங்கள் பக்கம் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் உண்டு. பத்திரத்திலும் அது ஏறியிருக்கும். மாமாவுக்கு ஏழு வயல்கள். ஸ்ரீதரன் குறிப்பேட்டை எடுத்து, "இதுக்குப் பேர் என்ன சார்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மூன்றாவது வயலோடு மாமாவின் சிரிப்பு நின்றது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைக்கு நிலம் தேடித் தரகர்கள் அலைந்த காலம் அது.

மத்தியானம் மாமா என்னைத் தொழுவத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"மருமவனே, அவன் என்னத்துக்குடே வயலுக்க பேர எழுதுகான்?"

"சும்மா, ஆசைக்குத்தான் மாமா."

"ஆசைக்கு வாறவன் வட்டக்கோட்டையப் பாப்பான், கடலப் பாப்பான். சேத்தையாடே பாப்பான்? அந்த நோட்ட நீ பாத்தியா?"

பார்த்ததில்லை. யோசிக்க யோசிக்க எல்லாமே தப்பாகத் தெரிந்தது. குடும்பத்தை ஏன் கூட்டி வரவில்லை? எனக்கும் சேர்த்து டிக்கெட்டை அவரே ஏன் எடுத்தார்? அந்த வயல்களை நம்பித்தான் மாமாவின் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வில்லங்கம் ஏதாவது வந்தால், கூட்டி வந்தவன் நான். ஸ்ரீதரன் மறுபடி வாய்க்காலுக்குப் போனபோது, கொடியில் தொங்கிய சட்டையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, வயல் பெயர்கள் இருந்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மற்ற தாள்களில் ரயில் நேரங்களும் மகளின் செருப்பு அளவும்தான் இருந்தன. அதுவும் வேஷம் என்றே எனக்குப் பட்டது.

சாயங்காலம் அவர் குறிப்பேட்டைப் புரட்டினார், திரும்பப் பையில் வைத்தார். அடுத்த வாரமே எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. கடிதம் அங்கேதான் வந்தது.

"இத்தனை வருடம் பெரிய ஊர்களுக்குப் போயும் ஒரு பெயரைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. மகளுக்குச் சொல்லத்தான் எழுதினேன். தாள் தொலைந்துவிட்டது. நினைவில் இருப்பவை: நெடுங்கண்டம், கொக்கடி, வாய்க்கால்மூலை, சாஸ்தாமுக்கு, இரட்டைவரப்பு, கல்மடை. ஏழாவதை மாமாவிடம் கேட்டு எழுதுங்கள்."

தொலைந்துவிட்டது என்று நாசூக்காக எழுதியிருந்தார். அதிலும் பொறி இருக்குமோ என்று நான் பதில் போடவில்லை.

வயல்களைப் பின்னால் விற்றது மாமாவேதான், உள்ளூர்க்காரர் ஒருவருக்கு. இப்போது அங்கே கல் நட்ட மனைகள். மனைகளுக்கு எண் மட்டும் உண்டு. மாமாவும் இல்லை. ஏழாவது வயலைப் பனையடி என்கிறாள் அவருடைய இளைய மகள். அங்கே பனை நின்றதாக எனக்கு நினைவில்லை. பழைய பத்திரத்தைப் பார்க்கலாமா என்று வாங்கியவரிடம் கேட்டேன்.

"நீரு எதுக்கு வேய் கேக்கீரு?" என்றார், என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தபடி.

நேற்று, கடிதத்தில் இருந்த முகவரிக்கே ஸ்ரீதரனுக்குப் பதில் எழுதிப் போட்டேன். தாளைக் கிழித்தது நான் என்பது முதல் வரி. இரண்டாவது வரி: ஏழாவது வயல், பனையடி. இன்னும் சரிபார்க்கப்படவில்லை.