ஆனைமலை அடியில் கரி பஸ்

யுத்தத்தால் பெட்ரோலுக்கு ரேஷன். அதனால் கரி எரித்து ஓடும் பஸ்ஸில்தான் இன்று மதுரையிலிருந்து ஆனைமலைக்கு உல்லாசமாகப் போனோம். மலையடியில் கரியடுப்பு அணைந்து வண்டி நின்றுவிட்டது.

மறுபடி மூட்டப்போன கண்டக்டரின் கையை டிரைவர் பிடித்துக்கொண்டார். "மாப்ள, மேல பாரு."

தலைக்கு நேர்மேலே பாறையில் முறம் முறமாக மூன்று தேனடைகள். ஈக்கள் கருப்பாக அலையடித்துக்கொண்டிருந்தன.

"புகை பட்டுச்சுன்னா அம்புட்டுப் பேரு சோலியும் முடிஞ்சுரும்," என்று கிசுகிசுத்தார் டிரைவர். "சத்தமில்லாம இறங்கித் தள்ளுங்க."

தள்ளினோம். மகளுக்குத் தும்மல் வந்தது. மனைவி அவள் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். சாலை வளைவைத் தாண்டிய பிறகுதான் பிள்ளை தும்மினாள்.

மதுரைக்காரர்கள் முப்பது பேர் ஆளுக்கொரு யோசனை சொல்லாமல் ஒரு வேலையை முடித்ததை இன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு எங்கே போகலாம்? இப்போது ஆளுக்கொரு யோசனை சொல்லலாம்.