மேலே வைத்த கடிதம்

சான் ரோக்கே பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஜெனரலின் வாழ்க்கை ஒரு பாடம். அண்டை நாட்டோடு நடந்த சாக்கோ போரில் இளம் அதிகாரி, பிறகு படைத்தலைவர், பிறகு ஒரே ராத்திரியில் நாட்டைக் காப்பாற்றியவர். யாரிடமிருந்து காப்பாற்றினார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நிமியா டீச்சரால் பதில் சொல்லியிருக்க முடியாது.

அவர் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாழ்த்துக் கடிதம் எழுத வேண்டும். நல்ல கடிதங்களைத் தலைநகர் வானொலியில் வாசிப்பார்கள். அந்த வருடம் நிமியாவுக்கு இருபத்துநான்கு வயது, தற்காலிக வேலை. தன் பள்ளியின் பெயர் வானொலியில் வந்துவிட்டால் வேலை நிரந்தரமாகிவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

பெலிசாவின் கையெழுத்துதான் வகுப்பிலேயே அழகு. மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்த அர்செனியோவின் மகள், எட்டு வயது. அவள் எழுதியிருந்தாள்: "ஜெனரல் ஐயா, தினமும் சாயங்காலம் நீங்கள் வானொலியில் பேச ஆரம்பித்ததும் அப்பா அதை அணைத்துவிடுவார். உங்களுக்குத் தொண்டை வலிக்கும் அல்லவா? பிறந்தநாளன்றாவது நன்றாகத் தூங்குங்கள்."

நிமியா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த நேரத்தில் ஊரில் எல்லா வீட்டு வானொலியும் தெருவுக்குக் கேட்கும்படிதான் அலறும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். அது ஏன் என்று அவளுக்கும் தெரியும். சிரித்து முடித்ததும் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். ஆனால் எவ்வளவு அழகான கையெழுத்து! கடிதக் கட்டின் மேலே அதையே வைத்தாள்.

கடிதங்களை வாங்க வந்த கல்வி ஆய்வாளர் பச்சிலைத் தூளில் குளிர்ந்த நீர் ஊற்றிக் குடிக்கும் தெரெரேயை மாட்டுக்கொம்புக் குவளையில் உறிஞ்சிக்கொண்டே படித்தார். அவரும் சிரித்தார்.

"அப்பன் ரொம்ப இரக்கமுள்ளவன் போலிருக்கே, டீச்சர்! யாரு வீட்டுப் பொண்ணு?"

"ஆலையில வேலை செய்யற அர்செனியோ பொண்ணுங்க."

அவர் அந்த ஒரு தாளை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நிமியா பார்த்தாள். "குவளைல இன்னும் தண்ணி ஊத்தட்டுங்களா?" என்றுதான் கேட்டாள்.

மூன்றாம் நாள் அர்செனியோவை ஆலையிலிருந்து கூட்டிப் போனார்கள். அவன் திரும்பவில்லை.

அடுத்த வாரம் பெலிசா மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், ஆலையில அப்பாகிட்ட என் லெட்டரைக் காட்டினாங்களாம். நான் அதுல ஏதாவது தப்பா எழுதிட்டேனா?"

"எனக்கெப்படிடி தெரியும்? நான் படிக்கவே இல்ல. அப்படியே கட்டி அனுப்பிட்டேன்."

வருடக் கடைசியில் பெலிசா பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். அடுத்த வருடம் நிமியாவின் வேலை நிரந்தரமானது. இருபத்தாறு வருடம் ஜெனரலின் வாழ்க்கைப் பாடத்தை நடத்தினாள். ஜெனரல் நாட்டை விட்டு ஓடிய அன்று, அவர் படத்தைச் சுவரிலிருந்து அவளே இறக்கினாள். "எவ்வளவு தைரியம் டீச்சருக்கு!" என்றார்கள். அவள் மறுக்கவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கத் தலைநகரிலிருந்து ஒரு குழு வந்தது. மறுநாள் சாட்சி சொல்ல இருந்த பெலிசா, நிமியாவின் வீட்டுக்கு வந்தாள். அவள் தலையிலும் நரை விழுந்திருந்தது.

"அந்த லெட்டர்னாலதான் அப்பா போனார்னு நாளைக்குச் சொல்லப் போறேன் டீச்சர். நான்தான் காட்டிக் கொடுத்தேன். நீங்க படிக்கலைனு சொன்னீங்க, அதனால உங்க பேரு வராது. பயப்படாதீங்க."

நிமியா தலையாட்டினால் போதும், பெலிசா போய்விடுவாள்.

"படிச்சேன் மகளே," என்றாள். "மேல வெச்சதும் நான்தான். உங்கப்பா பேரை ஆய்வாளர்கிட்ட சொன்னதும் நான்தான். அவர் அதை மடிச்சுப் பையில வெச்சதைப் பார்த்துட்டு, தெரெரேக்குத் தண்ணி ஊத்தினேன்."

பெலிசா கேட்டாள்: "படிச்சப்போ என்ன செஞ்சீங்க?"

"சிரிச்சேன்."

"எங்கம்மா அன்னைலேர்ந்து என் முகத்தைப் பார்த்துப் பேசினதில்ல, தெரியுமா? ஒரே வீடு. ஒரே அடுப்பு."

"என்னை மன்னிச்சிடுன்னு கேக்க வாய் வரல. உன்கிட்ட சொல்லிட்டேன்ல…"

"ஓகோ, சொல்லியாச்சு, ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்னு பாக்கறீங்களா?" பெலிசா எழுந்தாள். "என்கிட்ட சொன்னா எங்கம்மாவுக்கு யாரு சொல்றது? நாளைக்கு வாங்க. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

தேவாலயக் கூடம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். அவள் உள்ளே வந்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள். அந்த மரியாதை அவளைக் கூசவைத்தது. குழுவினர் தொழில் என்ன என்று கேட்டபோது, 'டீச்சர்' என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்றையும் விடாமல் சொன்னாள். சிரித்ததையும், வேலை நிரந்தரமானதையும் சொன்னாள். முடித்தபோது யாரும் ஏசவில்லை. முன்வரிசையில் இருந்த பெலிசாவின் அம்மா நிமியாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. கிழவி மெல்ல உடம்பைத் திருப்பி, பக்கத்தில் இருந்த மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமியா மேடையிலிருந்து இறங்கி நடந்தாள். வெளியே போகும்போது யாரும் எழுந்து நிற்கவில்லை.