நோய்க்கு விதைத்த வரிசை

பயிருக்கு நோய் வந்ததைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த ஆள், பெரம்பலூர் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எண்பதுகளின் தொடக்கம். குரும்பலூருக்கு வெளியே ஒரு மானாவாரிக் காட்டில், மஞ்சள் தேமல் நோயைத் தாங்குகிற உளுந்து ரகம் தேடும் சோதனை வயலுக்கு நான் கங்காணி.

எது தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் முதலில் நோய் வரவேண்டும். அதனால் புது ரகங்களுக்கு நடுநடுவே, சட்டென்று நோய் பிடிக்கிற பழைய உளுந்தையும் வேண்டுமென்றே விதைப்போம். அது மஞ்சளாகும். அதிலிருந்து வெள்ளை ஈ மற்றச் செடிகளுக்கு நோயைச் சுமந்துபோகும். இதை வரப்புக்கு அந்தப் பக்கம் உளுந்து போட்டிருந்த அக்காவிடம் விஞ்ஞானி தோரணையில் விளக்கினேன்.

அவர் களைக்கொத்தைக் கீழே போட்டார்.

"நோவ வெதச்சு வளக்குறியா? அதுவும் என் காட்டோரத்துல?"

"இல்லக்கா, இது ஆராய்ச்சி..."

"மண்ணாங்கட்டி! வருசத்துக்கு இந்த ஒரு வெள்ளாமதான்யா எனக்கு. ஒரு எல மஞ்சளாகட்டும், ஒன் வேட்டிய உருவிடுவேன்."

அதிலிருந்து நான் டீக்கடைக்குப் போனாலே, "நோவுக்காரரு வர்றாரு, தள்ளி உக்காருடா" என்பார்கள்.

பழைய உளுந்து மஞ்சளாகத் தொடங்கிய ஒருநாள் காலை, அக்கா ஆட்களோடு வந்து வரப்பில் நின்றார். "நீ புடுங்குறியா, நாங்க புடுங்கட்டுமா?"

பயம் பாதி, நல்ல பெயர் வாங்கும் ஆசை பாதி. மஞ்சள் வரிசைகளை நானே பிடுங்கி, மண் போக உதறினேன். கூட்டம் கலைந்தது. இலைக்கு அடியில் ஒட்டியிருந்த வெள்ளை ஈயும் மாவு பறந்தாற்போலக் கிளம்பி, காற்றோடு போய் அக்காவின் காட்டில் இறங்கியது. நின்று வேடிக்கை வேறு பார்த்தேன்.

அக்காவின் உளுந்து மொத்தமும் மஞ்சளானது. என் வயலில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். பார்க்க வந்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"நோவத் தாங்குச்சா, நோவுகிட்ட தப்பிச்சுச்சான்னு இனி எவன்யா சொல்லுவான்? ஒரு வெதப்புப் பட்டமே போச்சு!"

ஆறுதல் சொல்லப் போகிறேன் என்று அக்காவிடம் போனேன். காய் பிடிக்காத செடியை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்காகத்தான்க்கா என் சோதனையவே கெடுத்துக்கிட்டேன்."

அவர் நிமிரவில்லை.

"அதுக்காவ ஒன் சம்பளத்த நிறுத்திட்டானா? போய்யா அந்தாண்ட."