கடப்பா கல்லில் ஒரு விருந்து

அமீருதீனுக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. தங்கை ஆஃபியா கைப்பேசியில் காட்டிய படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு மரப்பலகை, அதன் மேல் மெல்லிய கறித் துண்டுகள், சீஸ், திராட்சை, பாதாம், பிஸ்கட்.

"இன்னாமா இது, கறிய சூடு கூடப் பண்ண மாட்டாங்களா?"

"ஷார்குட்டரி போர்டுண்ணா. பதப்படுத்தின கறி. நடுவுல வெச்சிட்டு, சுத்தி உட்கார்ந்து பேசிக்கிட்டே எடுத்துச் சாப்பிடறது."

"அப்ப நம்ம சஹன் மாதிரி."

ஆஃபியா சிரித்துவிட்டாள். அவர்கள் சொந்தத்துக் கல்யாணங்களில் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றாள்.

அமீருதீன் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. ஆஃபியாவோ காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். சிமெண்ட் வாங்கப் போனால்கூட அந்தச் செய்தியைக் கடைக்காரரிடம் சொல்லாமல் அவர் திரும்புவதில்லை. அவளோடு வேலை செய்யும் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக அனகாபுத்தூர் வீட்டுக்கு வருகிறார்கள்.

"சின்மயியும் வர்றாண்ணா. எங்க போனாலும் ஓரமா உட்கார்ந்து தன் டப்பாவைத் தனியா திறந்துக்குவா. நம்ம வீட்டுலயாவது எங்களோட சேர்ந்து ஒரு வாய் சாப்பிட்டா போதும்."

"நான் பார்த்துக்கறேன், வுடு."

மரப்பலகைக்கு எங்கே போவது? யாருடைய சமையல் மேடைக்கோ அறுத்ததில் மிஞ்சிய கடப்பா கல் ஒன்று கொல்லையில் கிடந்தது. ஓரங்களைத் தேய்த்து மழுங்கடித்து, புளி போட்டுத் துலக்கினார். ஞாயிறு மதியம் அதன் மேல் வெண்ணெய்க் காகிதத்தை விரித்தார். டைல்ஸை முதலில் சிமெண்ட் இல்லாமல் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார். இதையும் அப்படியே செய்தார். மனைவி ஜஹீரா பொரித்துக் கொடுத்த உப்புக்கண்டம், ஹலால் கடையில் வாங்கிய கோழி சலாமி, சீஸ், கொய்யா, பேரீச்சை, முந்திரி. ஐந்து பேருக்கும் எதிரே எல்லாம் ஒரே மாதிரி, கோடு பிசகாமல் அமைந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் உப்புக்கண்டம் குவியலாக இருந்தது.

குளித்துவிட்டு வந்த ஆஃபியா அதைப் பார்த்து நின்றாள். "இது யாருக்குண்ணா இவ்வளவு?"

"அந்தச் சின்மயிக்கு. கூச்சப்படறவங்க பக்கம்தான நல்ல துண்டா பார்த்துத் தள்ளணும்? சஹன்ல அத்தா அப்படித்தான தள்ளுவாரு?"

"ஐயோ அண்ணா! அவ கூச்சப்பட்டா தனியா சாப்பிடறா? அவ முட்டையே தொட மாட்டா!"

அமீருதீன் கையிலிருந்த பேரீச்சையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். சீஸும் கொய்யாவும் கறியைத் தொட்டபடி கிடந்தன.

"வுடு, அவங்களுக்குத் தனியா ஒரு தட்டு போட்டுரலாம்."

"அதான் வேணாம்னு சொல்றேன். காலேஜ்ல தனி, இங்கயும் தனின்னா அவ எதுக்கு வரணும்?"

ஜஹீரா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "கறியத் தனியா வைங்களேன். ஆளை எதுக்குத் தனியா வைக்கணும்?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காகிதத்தில் இருந்தது அத்தனையும் அப்படியே வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனது. கறி படாமல் காகிதம் காப்பாற்றிய கல்லை மறுபடி கழுவி, கையையும் கத்தியையும் கழுவி, புதிய சீஸ் பாக்கெட்டைப் பிரித்தார் அமீருதீன். பெரிய கல் முழுக்கச் சைவம். அடுப்படியில் மிச்சமிருந்த உப்புக்கண்டமும் சலாமியும் கூடத்துக் கோடியில், ஒரு துண்டு டைல்ஸின் மேல் ஏறின.

வந்தவர்கள் கல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜெரோம் என்பவர் நேராகக் கோடிக்குப் போய், "மேடம், இந்த ஐட்டத்தை இத்தனை நாள் மறைச்சு வெச்சிருந்தீங்களே!" என்று உப்புக்கண்டத்தை மென்றபடி அங்கேயே நின்றுவிட்டார். சின்மயி கையை மடியில் வைத்துக்கொண்டு கல்லையே பார்த்தாள். ஆஃபியா அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா, இந்த சீஸ் வந்த பாக்கெட் இருக்கா?" என்று கேட்டாள் சின்மயி.

அமீருதீன் காலி பாக்கெட்டைக்கூட உடனே தூக்கிப் போடுகிறவர் அல்லர். உள்ளே போய் பாக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பச்சைப் புள்ளி கீதும்மா. நாங்களும் அதைப் பார்த்துத்தான் வாங்குவோம். சில சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுத்தது எதையோ போட்டுப் பாலைத் திரிப்பாங்களாமே. அது எப்படி அறுத்ததோ, யாருக்குத் தெரியும்?"

சின்மயி நிமிர்ந்தாள். "நீங்களும் அதைப் பார்ப்பீங்களா? கடையில நான் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா எங்க வீட்டுக்காரர் தள்ளிப் போய் நின்னுக்குவார், தெரியாத ஆள் மாதிரி."

"இவரோட போனா நானும் அப்படித்தான் நிப்பேன்" என்றாள் ஜஹீரா.

சின்மயி சிரித்துக்கொண்டே ஒரு துண்டு சீஸை எடுத்தாள். கொய்யாவின் மேல் வைத்து, மிளகாய்ப் பொடி தொட்டுக்கொண்டாள். பிறகு ஆஃபியாவுக்கு எதிரே இருந்த பேரீச்சைக்கும் உரிமையோடு கை நீட்டினாள். அமீருதீன் போட்ட வரிசை கலைந்து முந்திரி எங்கெங்கோ உருண்டது. வேறு நாளாக இருந்தால் அதைச் சரிசெய்ய அவருக்குக் கை துறுதுறுத்திருக்கும்.

சின்மயி பக்கம் கொய்யா தீர்ந்து கறுப்புக் கல் தெரிந்தது. அவர் உள்ளே போய் இன்னொரு காயை எடுத்து, எல்லாத் துண்டும் ஒரே தடிமனில் வரும்படி அறுக்க ஆரம்பித்தார்.